முறை ஒட்டிக்கொண்ட பஸ் நிலையம்

ஏழு கடலெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கடலைத் தாண்டினால் போதும், அங்கே மலேசிய நாட்டில் கோலா மெராந்தி என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு ஒரு பஸ் நிலையம். அந்த நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களை ஏமாற்றிப் பிழைக்க ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் குணாளன் என்று ஒருவன். அவனுக்கு வாயைத் தவிர வேறு சொத்தும் கிடையாது, சொந்தமும் கிடையாது.

வெளிநாட்டுப் பஸ் நிலையத்தில் கால் வைத்த கணத்தில் எப்பேர்ப்பட்ட மனுஷனும் அரைக் குழந்தை ஆகிவிடுகிறான். கழிவறை எந்தப் பக்கம், டிக்கெட் எங்கே, கையில் இருக்கும் நோட்டு பெரிய நோட்டா சின்ன நோட்டா, ஒன்றும் தெரியாமல் கண்ணை நாலாபக்கமும் அலைய விட்டுக்கொண்டு நிற்கிறான். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் கூட்டம் நகரும். ஹாலிமின் டாக்சியில் மீட்டர் எப்போதும் அன்றைக்குக் காலையில்தான் கெட்டுப்போயிருக்கும். பணம் மாற்றும் ஜன்னலில் இருக்கும் மேய் லிங், பிரயாணம் எப்படி, சாப்பாடு எப்படி என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டே ஒரு நோட்டை விரலிடுக்கில் மடித்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வாள். தர்மராஜா கேட்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான், கேட்டதைக் கொடுக்காமல் கீழே வைக்க மாட்டான். இவர்கள் எல்லாருக்கும் மேலே சிங்காரம். பாஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு வேன் உண்டு. "உங்க பஸ்ஸா? இன்னிக்கு வராதே. மலையில ரோடு சரிஞ்சு போச்சு, கவுண்டரும் மூடிட்டாங்க, நம்ம வேன்தான் கடைசி" என்று சொல்லி ஏற்றிவிட்டால், வேன் மூணு ரோட்டு முனை வரைக்கும் போகும், அங்கே இன்ஜின் சூடாகிவிடும், மறுபடியும் பணம் கொடுத்தால் குளிரும், கொடுக்காவிட்டால் பெட்டியோடு இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

குணாளனுக்கு ஒதுக்கியிருந்தது தமிழ்நாட்டிலிருந்து வருகிற பயணிகளை. அவன் தொழில் சுத்தமான தொழில், பெட்டியைத் தொட மாட்டான், கையைப் பிடிக்க மாட்டான், பக்கத்தில் போய் நின்று "எந்த ஊரு?" என்று மட்டும் கேட்பான். கேட்டதும் அந்த முகத்தில் ஒரு விளக்கு எரியும் பாருங்கள், நாலு நாளாகப் பாஷை தெரியாத ஊரில் சைகை காட்டியே தண்ணீர் வாங்கிக் குடித்த களைப்பெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இறங்கிப் போய்விடும். ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். "அட, எங்க பாட்டன் கப்பலேறுனது அங்கிருந்துதான்" என்பான், எந்த ஊராக இருந்தாலும். அப்புறம் ஆளைப் பார்த்து ஒரு முறை: மீசைக்குச் சித்தப்பா, தொந்திக்கு மாமா, தலையில் பூ இருந்தால் அக்கா, இல்லாவிட்டால் அத்தை. முறை சொல்லிக் கூப்பிட்ட பிறகு நம்மவர்களுக்குச் சந்தேகப்படத் தெரியாது. சந்தேகப்பட்டால் அவன் மனசு நோகுமே என்று யோசித்து, பஸ் இருக்கிறதா என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்கக்கூடப் போகாமல், நேராக வேனில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த முறைச் சொற்களில் ஒன்றுக்குக்கூட அவனுக்குத் தெரிந்த முகம் கிடையாது. அவனை அம்மா அந்த நிலையத்தின் பெஞ்சில்தான் உட்கார வைத்து, "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறிப் போனாள். அந்த நிலையத்தில் சொல்லப்பட்ட பொய்களில் அவன் காதில் விழுந்த முதல் பொய் அது. பாஸ் சோறு வாங்கிக் கொடுத்தார், மாடியில் ஓர் அறை கொடுத்தார், அப்புறம் தொழிலையும் கொடுத்தார்.

இப்படி இருக்கையில் ஒரு மழை நாளில் இரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் துளசிமணி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர், நூல் பிசகிய இடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண். மற்றவர் அதே டேபிளில் எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கும் சம்பூர்ணம். வாழ்நாளில் ஒருமுறை வெளிநாடு பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பி வந்தவர்கள், மலைமேல் இருக்கும் குளிரூருக்குப் போக வேண்டும் என்றார்கள்.

"எந்த ஊரு?" என்றான் குணாளன்.

"திருப்பூருங்க. ஏனுங்க, தமிழா நீங்க?"

"அட, திருப்பூரா! எங்க பாட்டன் அங்கிருந்துதான் அத்தை கப்பலேறுனாரு. மலைக்கா? பஸ்ஸெல்லாம் ரத்து. கவலைப்படாதீங்க அத்தை, நான் இருக்கேன்ல."

நூல் பிசகைக் கண்டுபிடிக்கும் துளசிமணியின் கண் அவன் முகத்தில் ஒரு கணம் நின்றது, ஏதோ சரியில்லை என்று பட்டதுபோல. ஆனால் அத்தை என்று கூப்பிட்டுவிட்டானே. ஏறிவிட்டார்கள். வேன் மழைக்குள் போய் மறைந்தது.

குணாளன் நிலையத்திலேயே இருக்கும் நைனா முகமதுவின் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தான். நைனா தே தாரிக் என்கிற அந்த ஊர் டீயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றிக் கொடுத்தார். முதல் வாயில் டீ டீயாக இருந்தது. இரண்டாம் வாயில் அவனுக்கு அத்தையின் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் கம்பெனி விட்டு வரும்போது அத்தையின் புருவமெல்லாம் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்திருக்கும், அவன் ஊதி விடுவான். ரயில்வே கேட் மூடினால் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் காட்டுவார். பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் காக்கா தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னபோது அறைந்துவிட்டு, அறைந்த கையாலேயே இன்னொரு பிஸ்கட் கொடுத்தார். தையல் மெஷின் பெடலில் அவன் விழுந்து முழங்கை கிழிந்தபோது அவனைவிடச் சத்தமாக அழுதவர் அவர்தான். குணாளன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தான். தழும்பு இருந்தது. காலையில் குளிக்கும்போது அது இல்லை. அவன் திருப்பூரைப் பார்த்ததே இல்லை, கடலைக்கூடத் தாண்டியதில்லை; அது வேறு, ஞாபகம் வேறு.

கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். "ஐயோ, அத்தை வேன்ல போறாங்க!"

"எந்த அத்தை?" என்றார் நைனா.

"எங்கத்தை, நைனாண்ணே."

"உனக்கு ஏதுடா அத்தை?"

"திருப்பூர்ல இருக்காங்க. பனியன் கம்பெனில வேலை."

"அப்படியா, சொல்லவே இல்ல" என்ற நைனா, ஆணியில் தொங்கிய மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து நீட்டினார். "பெரியவங்களை மழையில நிக்க வைக்காதே, ஓடு."

மூணு ரோட்டு முனையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம்தான், வீடு கிடையாது, ஆள் கிடையாது. வேன் இரண்டு பேரையும் இறக்கிவிட்டுப் போயிருந்தது. கூரை பாதி பிய்ந்த நிழற்குடையில் பெட்டிமேல் உட்கார்ந்து சம்பூர்ணம் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். துளசிமணி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடா மருமவனே" என்றார். "இன்ஜின் சூடாயிருச்சாமா. எறங்குங்கன்னான், எறங்கீட்டோம். நீதான் வருவியேன்னு ஒக்காந்துட்டு இருக்கறோம்."

"அத்தை, நான் வந்து..."

"பேசாதே. மொதல்ல தலையத் தொவட்டு. நனைஞ்சா உனக்குச் சளி புடிச்சுக்கும், சின்னதுலருந்தே அப்படித்தான்." பையிலிருந்து துண்டை எடுத்து அவன்மேல் எறிந்தார். அவன் துவட்டி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, அப்புறம்தான் திட்டத் தொடங்கினார். "ஏண்டா, ஏமாத்தறதுக்கு உனக்கு உங்கத்தைதான் கெடைச்சாளா? ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"ஏத்திவிடும்போது நீங்க எனக்கு அத்தையா இல்லீங்களே."

"அதனால? அத்தையா இல்லாதவங்களை நடுரோட்டுல எறக்கி உடலாம்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?"

எத்தனையோ முகங்கள், எத்தனையோ சித்தப்பாக்கள் மாமாக்கள் அக்காக்கள், இந்தக் கூரை பிய்ந்த நிழற்குடையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு சொல்லுல சொந்தம், ஒறம்பரை ஆயிட்டீங்க" என்றார் சம்பூர்ணம் முறுக்கைக் கடித்துக்கொண்டே. "என்னைய ஒண்ணுமே சொல்லிக் கூப்பிடலை பாரு. கூப்பிட்டிருந்தா நானும் நாலு வார்த்தை நல்லாக் கேட்டிருப்பேன்."

மழை கொஞ்சம் விட்டது. குணாளன் யாரிடமும் இதுவரை கேட்க முடியாததைக் கேட்டான். "அத்தை, எங்கப்பா எப்படி இருப்பாரு?"

துளசிமணியின் முகம் இளகியது. "உங்கொப்பனா? பொய் சொல்றதுல உனக்கும் மேல. ஆனா சொன்னா ரெண்டு காதும் செவந்து போயிரும் பாவம், அதனால ஒரு பொய்யும் செல்லாது. இருந்திருந்தா உன்னை இப்படி உட்டிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு அவன் காதைத் திருப்பிப் பார்த்தார். "அதே காதுதான்."

ரத்தாகிவிட்டதாக அவன் சொன்ன பஸ், மலைக்குப் போகும் பஸ், குறித்த நேரத்துக்கு ஆடி ஆடி வந்தது. கை காட்டி நிறுத்தி, பெட்டிகளை ஏற்றி, ஜன்னல் சீட்டைத் துடைத்து உட்கார வைத்தான். "மலை, தீவு எல்லாம் சுத்தீட்டு மாசக் கடைசியில திரும்பி வருவோம்" என்றார் துளசிமணி. "ஏர்போர்ட் பஸ்ஸு உங்க ஸ்டேஷன்லருந்துதான். வந்து நில்லு. அதுக்குள்ள இன்னொருத்தரை இப்படி ஏமாத்துனயின்னு வெய்யி..." அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மிச்சத்தை அவனேதான் நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான். ஏன் தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. மழை ஏன் வருகிறது என்று கோலா மெராந்தியில் யாரும் கேட்பதில்லை, குடை எங்கே என்றுதான் கேட்பார்கள்.

தர்மராஜா ஒரு சென்னைக்காரரின் பெட்டியை "குடுங்கண்ணே" என்று பிடுங்கிக்கொண்டு நடந்தான். ஒரு டீ குடிக்கிற நேரம்தான், நடைமேடை நடுவில் பெட்டியை வைத்துவிட்டு இரண்டு பேரும், அப்பா இருந்த வீட்டை யார் யாரைக் கேட்டு விற்றார்கள் என்று சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு, கட்டிக்கொண்டு அழுது, ஒரே தட்டில் ரொட்டி சானாய் பிய்த்துச் சாப்பிட்டார்கள். ஹாலிம் ஓர் இந்தோனேசியக் கிழவரை அண்ணன் என்று அவர் பாஷையில் கூப்பிட்டார், கிழவர் பாதி வழியில், "அம்மா கடைசி வரை உன் பேரையே சொல்லிக்கொண்டிருந்தாள், நீ ஏன் வரவில்லை?" என்று கேட்டுவிட்டார், ஹாலிம் டாக்சியை ஓரம் கட்டி ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதார், தலையை நிமிர்த்தியபோது மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேய் லிங்குக்குத்தான் பாவம் பெரிய தொல்லை; வருகிற பெண்களையெல்லாம் ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிட்டுப் பழகியவள், சிட்னியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் பெயரே வாயில் நுழையாத ஊர்களிலிருந்தும் அத்தனை ஆன்ட்டிகளும் போன் செய்து, ஆளுக்கொரு பாஷையில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இன்னும் கல்யாணம் ஆகலையா?

உறவென்று வந்துவிட்டால் சும்மா இருக்குமா? அண்ணன்கள் அடுத்த விமானத்தில் பலகாரத்தோடு வந்தார்கள். அண்ணிகள் வந்து நடைமேடையில் பாய் விரித்துக் கொழுந்தனுக்குப் பெண் பார்த்தார்கள். பெட்டி தூக்குகிறவர்களைக் கல்யாணப் பத்திரிகைகளும் காதுகுத்துப் பத்திரிகைகளும் தேடி வந்தன. நிலைய அதிகாரி ரொம்ப யோசித்து, நாலு மொழியில் ஒரு பலகை எழுதி மாட்டினார்: உறவினர்கள் நடைமேடையில் சமைக்கக் கூடாது. அங்கேயே கிடக்கிறவர்கள் ஒருவரையொருவர் அண்ணே, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டதால் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது ஏற்கெனவே உண்மையாகத்தான் இருந்திருக்கும்போல.

பாஸ் சிங்காரம் மட்டும் இதையெல்லாம் தொழில் கெட்டுப்போகும் வியாதியாகப் பார்த்தார். ஒரு நாள் எல்லாரையும் மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டார்.

"இனிமே ஒருத்தனும் வந்தவங்களை முறை வெச்சுக் கூப்பிடக் கூடாது. சார், மேடம். அதோட நிறுத்திக்கணும். வெளங்குச்சா?"

"பாஸ், எனக்கு ஏற்கெனவே பதினாறு அண்ணன்" என்றான் தர்மராஜா. "அவங்களை என்னா செய்றது?"

"போன் நம்பரை மாத்து லா!"

சார், மேடம் என்று கூப்பிட்டால் ஒன்றும் ஒட்டவில்லை, அது உண்மைதான். வேன் மறுபடியும் ஓடியது, மூணு ரோட்டு முனையில் இன்ஜின் மறுபடியும் சூடானது, முன்னைவிடச் சுலபமாக, ஏனென்றால் அந்தச் சொற்களுக்கு முகமே தேவைப்படவில்லை. ஆனால் குணாளன் வேலைக்கு வரவில்லை; நிலையத்தில்தான் இருந்தான், வேலைதான் செய்யவில்லை. பஸ் வந்து நின்றதும் கடைசிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பான், இறங்குகிறவர்கள் காதோரம் மெதுவாகச் சொல்வான்: "யாரு வந்து பேசினாலும், நான் உனக்கு என்ன முறை வேணும்னு கேளுங்க. முறை சொல்லாம சார் மேடம்ங்கிறவங்க பின்னால போகாதீங்க. பஸ் இல்லைன்னு யாரு சொன்னாலும் கவுண்டர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க." சொன்னது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய், விமானத்தில் ஏறுவதற்கு முன்பே பயணிகளுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரர்கள்கூட இறங்கியதும் விரலை நீட்டி, நான் உனக்கு யார் என்று கேட்டார்கள். வேன் காலியாக நின்றது.

மாதக் கடைசி நெருங்கியபோது பாஸ் மாடி அறைக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் குணாளனுக்குப் பயமாக இருந்தது.

"உன் அத்தை வர்றாங்கல்ல. ஏர்போர்ட் பஸ் ரத்துன்னு நீயே சொல்லு, நீயே வேன்ல ஏத்து. எல்லாரும் பார்க்கணும். உறவு அது இதுங்கிறதெல்லாம் சும்மான்னு அவங்களுக்குப் புரியணும். அதுக்கப்புறம் எல்லாம் பழையபடி, நானும் மறந்துடுவேன்."

"முடியலைன்னா, பாஸ்?"

"இந்த ரூம் சாவியக் கையில குடுத்துட்டுப் போயிரு. நிலையத்துப் பக்கமே வராதே." எழுந்தவர் கதவோரம் நின்றார். "நீ சின்ன வயசுல அந்தப் பெஞ்சுல உக்காந்து அழுதப்போ யாரு லா உனக்குச் சோறு வாங்கிக் குடுத்தா? அத்தையா?"

சோறு வாங்கிக் கொடுத்தது உண்மை. அத்தையும் உண்மை. இரண்டில் எதை விட்டாலும் அவனில் பாதி போய்விடும்போல் இருந்தது. வேறு எந்தக் கூரையும் அவனுக்குத் தெரியாது.

அந்த நாள் காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. எல்லாருக்கும் அந்த நடைமேடைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வேலை இருந்தது. மேய் லிங் ஜன்னலைப் பூட்டிவிட்டு வந்து டீ குடித்தாள். ஹாலிம் சுத்தமாக இருந்த டாக்சியை மறுபடியும் துடைத்தார். பஸ் வந்து நின்றது. துளசிமணி முகம் வெயிலில் கறுத்து, கண் சிரிக்க இறங்கினார். பின்னால் சம்பூர்ணம், கையில் குழந்தைபோல ஒரு ஸ்ட்ராபெரிப் பெட்டி.

பாஸ் குணாளன் பக்கத்தில் வந்து நின்றார். "சொல்லு" என்றார்.

குணாளன் வாயைத் திறந்தான். எத்தனையோ தடவை சொன்ன சொற்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், பஸ் ரத்து, ரோடு சரிந்துவிட்டது, நம்ம வேன்தான் கடைசி. நாக்கு அதற்கெல்லாம் தயாராக இருந்தது; அவன்தான் தயாராக இல்லை.

"அத்தை" என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏர்போர்ட் பஸ் இருக்கு. அந்தக் கடைசி மேடை. டிக்கெட்டைக் கவுண்டர்லயே வாங்கணும். யாரு என்ன சொன்னாலும், நானே வந்து சொன்னாலும், வேன்ல ஏறாதீங்க." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பாஸ் கையில் வைத்தான்.

பாஸ் சாவியை மூடிப் பிடித்துக்கொண்டார். "நல்லது. நீ கெளம்பு" என்றார் அவனிடம். துளசிமணி பக்கம் திரும்பி, ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி, "மேடம், நீங்களும் போலாம்" என்றார்.

துளசிமணி போகவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். தூரத்திலிருந்து நூல் பிசகைப் பார்க்கிற அந்தக் கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி" என்றார், "காலையிலருந்து இன்னும் சாப்படலையாட்ட இருக்குது?"

டாக்சியைத் துடைத்துக்கொண்டிருந்த ஹாலிமின் கை நின்றது. வந்து இறங்குகிறவர்கள் பயந்துகொண்டே இறங்குகிறவர்கள். அவர்களாக முதலில் முறை சொல்லி இங்கே இருக்கிறவனைக் கூப்பிட்டதாக யாருக்கும் நினைவில்லை. அது ஒட்டுமா ஒட்டாதா என்று யாருக்கும் தெரியாது.

பாஸ் ஓரடி பின்னால் நகர்ந்தார். "அதெல்லாம் எனக்கு ஒட்டாது மேடம்."

"ஒட்டாட்டிப் போகுது. சோறு திங்கறதுக்கு என்ன? கடைக்கார அண்ணா, ஒரு தட்டுல சுடுசோறு வெய்யுங்க." பையைத் துழாவி, மாதம் முழுக்க ஓட்டல் ஓட்டலாகச் சுமந்து வந்து இப்போது அடியில் கொஞ்சமே மிஞ்சியிருந்த பருப்புப் பொடி டப்பாவை எடுத்தார். சோற்றில் தூவினார், எண்ணெய் விட்டார், தானே பிசைந்தார், தட்டை நீட்டினார். சுற்றிலும் இத்தனை பேர் பார்க்கும்போது தட்டைத் தள்ளிவிட பாஸுக்குக் கை வரவில்லை. வெறுப்போடுதான் வாங்கினார். வெறுப்போடுதான் முதல் வாய் எடுத்து வைத்தார். மென்றார். எல்லாரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாய். மூன்றாம் வாய்.

"பூண்டு ஜாஸ்தி" என்றார் பாஸ். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அம்மா இவ்வளவு போட மாட்டாங்கல்ல, அக்கா?"

"அம்மாவுக்குப் பல் வலி, அதனால போட மாட்டாங்க. நீ தின்னு" என்றார் துளசிமணி.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அநேகமாக ஹாலிம். நைனாதான் முதலில் கணக்குப் போடத் தொடங்கினார். "இரு, இரு. குணாளனுக்கு இவங்க அத்தை. அத்தைக்கு இவரு தம்பின்னா, குணாளனுக்கு இவரு..." அத்தைகள் விஷயத்தில் ஊரிலேயே அனுபவசாலியான மேய் லிங் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா" என்றாள், தமிழில். பின்பு, "இல்லாட்டி சித்தப்பா."

குணாளன் பாஸைப் பார்த்தான். பாஸ் குணாளனைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தம்பிங்க ரெண்டு பேரு" என்றார் துளசிமணி. "பெரியவன் இவனப் பெத்தவன், போயிச் சேர்ந்துட்டான். இது சின்னவன். வீட்ல ஒரு வார்த்தை சொல்லாமக் கப்பலேறிப் போனவன்." பாஸின் தோளில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. "அண்ணன் பையன் அநாதையாட்டப் பெஞ்சுல கெடந்திருக்கறான், தூக்கி வளத்திருக்கற, அது வரைக்கும் சரி. வளத்த கையோட இந்தத் திருட்டுத் தொழிலையுமா சொல்லிக் குடுப்ப?"

"அப்போ எனக்குத் தெரியாதுக்கா" என்றார் பாஸ், சோற்றுக் கையோடு, சின்னப் பிள்ளை மாதிரி.

"தெரியாதாமா! ரெண்டு பேரும் ஒரே பதிலத்தான் சொல்றீங்க."

ஏர்போர்ட் பஸ் ஹாரன் அடித்தது. குணாளன் கவுண்டருக்கு ஓடி டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். பாஸ் கையைக் கழுவிவிட்டுப் பெட்டிகளைத் தானே தூக்கி ஏற்றினார், எத்தனையோ வருஷமாக அவர் பெட்டி தூக்கி யாரும் பார்த்ததில்லை. துளசிமணி இரண்டு பேர் தலையிலும் கை வைத்துவிட்டு, ஊருக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போக வேண்டும் என்றும், வரும்போது தைலம் வாங்கி வர வேண்டும் என்றும் சொல்லி ஏறினார். சம்பூர்ணம் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். "அட, எனக்கு ஒண்ணும் சொல்லாமலே அனுப்பறீங்களே!"

"போயிட்டு வாங்க சின்னம்மா!" என்று குணாளன் கத்தினான்.

பஸ் வளைவில் திரும்பும்போது சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. "நேரத்துக்குச் சாப்புடுறா!" என்று அந்தச் சின்னம்மாவின் குரல் காற்றில் வந்து சேர்ந்தது.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. ஹாலிம் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். மேய் லிங் ஒலிக்கிற போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "இன்னும் இல்ல ஆன்ட்டி" என்றபடி ஜன்னலுக்குப் போனாள். தர்மராஜா ஒரு பெரியவரிடம் போய்ப் பெட்டியைத் தூக்கட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றார், சரி என்று வேறு பக்கம் போனான். வேன் டிரைவர் வந்து தலையைச் சொறிந்தான். "பாஸ், நாலு பேர் ஏறியிருக்காங்க. மூணு ரோட்டு முனை வரைக்கும்தானே?"

"அவங்க எங்க போணுமோ அங்க வரைக்கும்" என்றார் சிங்காரம்.

டிரைவரும் போனான். நைனா கடையின் பலகைகளைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போனார். நடைமேடையில் இரண்டு பேர்தான் மிச்சம். சிங்காரம் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், அதைக் குணாளனிடம் கொடுக்கவில்லை, தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த ரூம் வேணாம்" என்றார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு. "மழைக்கு ஒழுகும், சொல்லிக்கிட்டே இருப்பியே. வீட்டுல பின்னால ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு." தொண்டையைச் செருமினார். "ஆனா ஒண்ணு. இத்தனை வருஷமா இவனை ஏன் வீட்டுக்குக் கூட்டிட்டு வரலைன்னு உன் சித்தி கேப்பா. அவளுக்கு நீயே பதில் சொல்லிக்க. எனக்குப் பயம்."

சொல்லிவிட்டு அவர் நடந்தார், திரும்பிப் பார்க்காமல், ஆனால் மெதுவாக, பின்னால் வருகிறவன் எட்டிப் பிடிக்கிற மாதிரி. சித்தப்பா என்று கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று குணாளன் ஒரு நிமிஷம் நின்று யோசித்தான். அப்புறம், வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுக்கொள்ளலாம், இப்போது என்ன அவசரம் என்று அவனும் நடந்தான்.